சித்திரபுரத்து மின்சாரம் எங்கே போயிற்று? ஆலைத்தொழில் தேய்ந்து சேவைத்தொழில் ஏறிவந்த ஒரு மலையின் கதை

சித்திரபுரம் என்று சொன்னால் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. மூணாறு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடிமாலியிலிருந்து மூணாற்றுக்கு ஏறுகிற சாலையில் இரண்டாம் மைல் என்ற இடத்தில் பிரிந்து ஆனச்சால் போகிற வழியில் இருக்கிறது சித்திரபுரம். மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ஏலக்காய், நடுவிலே பழைய ஓட்டுவீடுகளும் விளையாட்டுத் திடலும், கீழே பள்ளத்தாக்கில் பள்ளிவாசல் மின்நிலையம். இன்றைக்கு அந்த வழியாகப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது இவை எதுவும் இல்லை, ரிசார்ட் பலகைகள்தாம்.

இந்த மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். கோயில், திருவிழா, பள்ளிக்கூடம் என்று எழுதலாம். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது ஊரின் பிழைப்பைப் பற்றி. ஒரு நாட்டின் பொருளாதாரம் ஆலைத் தொழிலிலிருந்து சேவைத் தொழிலுக்கு எப்படி நகர்கிறது என்பதைப் பொருளியல் அறிஞர்கள் பெரிய பெரிய புத்தகங்களாக எழுதியிருக்கிறார்கள். அதே கதையை எங்கள் மலைச்சரிவில் நின்றுகொண்டு பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது. அதைச் சொல்வதுதான் நோக்கம்.

முதலில் புத்தகக் கதை. மக்கள் முதலில் வயலில் பாடுபடுகிறார்கள். நாடு வளர வளர வயலை விட்டு ஆலைக்குப் போகிறார்கள். இன்னும் வளர்ந்தால் ஆலையை விட்டுக் கடை, வங்கி, ஓட்டல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போக்குவரத்து என்று போகிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த ஃபிஷர் என்பவர் 1935-இல் இதற்கு 'மூன்றாம் துறை' என்று பெயர் வைத்தார். 1940-இல் காலின் கிளார்க் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்து இதை ஒரு பெரிய நூலாக நிறுவினார். அதே 1940-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் பள்ளிவாசலில் திருவிதாங்கூரின் முதல் பெரிய நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஆண்டுகள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் கிளார்க்கின் மூன்று படி ஏணியை எங்க ஊர்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தால் நடுப்படி காணாமல் போயிருப்பது தெரியும். நடுப்படிக்கு வேண்டிய மின்சாரம் மட்டும் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் போய்க்கொண்டிருந்தது.

கொழுந்தும் கங்காணியும்

இந்த மலைக்கு ஆள் வந்தது தேயிலையால். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். கண்ணன், தேவன் என்பவை அஞ்சுநாட்டுத் தலைவர் பெயர் என்பர். 1880-ஐ ஒட்டிப் பார்வதி எஸ்டேட்டில் ஷார்ப் என்பவர் முதன்முதலாகத் தேயிலை நட்டார். 1890களில் ஃபின்லே மூர் கம்பெனி வந்தது. 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி பதிவாயிற்று.

ஆளைக் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து முன்பணம் கொடுத்துப் போடி வழியாக மலையேற்றிக் கொண்டுவந்தார்கள். தேயிலை போன வழியும் அதுதான். குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ரயில். அங்கிருந்து கம்பிவழியாகப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி, கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம். 1924-ஆம் ஆண்டு வெள்ளம், மலையாளத்தார் '99-இன் வெள்ளம்' என்று இன்றும் சொல்வது, அந்த ரயிலை அடியோடு கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு வணிகம் ஆலுவா, கொச்சிப் பக்கம் திரும்பியது. ஆனால் ஜனம் தமிழ் ஜனமாகவே இருந்தது. 1956 மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீருமேடு பற்றி நடந்த போராட்டம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

"தேயிலைத் தோட்டத்திலேயே ஆலை இருக்கிறதே, அது ஆலைத்தொழில் ஆகாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்து எடுப்பது முழுக்க முழுக்க ஆலை வேலைதான். வருமான வரி விதியே தேயிலைக் கம்பெனியின் வருமானத்தில் 60 பங்கை விவசாயம் என்றும் 40 பங்கைத் தொழில் என்றும் பிரிக்கிறது. ஆனால் ஆட்களை அந்த விகிதத்தில் பிரிக்க முடியாது. பெரும்பாலோர், அதிலும் பெண்கள், கொழுந்துக் கூடையோடு சரிவில் நின்றவர்கள். ஆலைக்குள் இருந்தவர்கள் கொஞ்சப் பேர்.

ஊர்ப் பெயரும் மின்சாரமும்

சித்திரபுரம் என்ற பெயர் திருவிதாங்கூரின் கடைசி மன்னர் ஸ்ரீசித்திரைத் திருநாள் பாலராம வர்மாவின் பெயரால் வந்தது. 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டவர் அவர். அவருடைய தாயார் சேது பார்வதி பாய் பெயரில்தான் குண்டளை அணைக்குச் சேதுபார்வதிபுரம் என்று பெயர். மின்திட்டம் வந்தபோது ஊருக்கும் அணைக்கும் அரச குடும்பத்துப் பெயர்கள் வந்தன என்று கொள்ளலாம்.

பள்ளிவாசலில் அதற்கு முன்பே தேயிலைக் கம்பெனி தன் ஆலைகளுக்காகச் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை வைத்திருந்தது. அரசாங்கம் 1930களில் பெரிய அளவில் கை வைத்தது. முதிரப்புழையாற்றுத் தண்ணீரை மலைக்குள் சுரங்கத்தில் கொண்டுபோய், பிரம்மாண்டமான குழாய்களில் செங்குத்தாக இறக்கி, அடியில் எந்திரத்தைச் சுற்ற வைப்பது திட்டம். 1936 முதல் 1947 வரை திவானாக இருந்த சர் சி.பி. இராமசாமி ஐயர் இதை வேகப்படுத்தினார். சென்னை ராஜதானியில் அவர் பதவியிலிருந்த நாளிலேயே பைக்காரா, மேட்டூர் பற்றி யோசித்தவர். அவருடைய ஆட்சியைப் பற்றிப் புன்னப்புரா வயலார்க்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள், அது நியாயமும்கூட. ஆனால் மின்சாரத்தையும் தொழிலையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டும் என்று அந்தக் காலத்தில் தெளிவாக எண்ணிய சிலரில் அவர் ஒருவர்.

நிலையத்தின் திறன் பின்னாளில் 37.5 மெகாவாட் ஆயிற்று. இன்றைய கணக்கில் அது சிறிய நிலையம். அன்றைக்கு அது ஒரு நாட்டின் மொத்த நம்பிக்கை. 1946-இல் குண்டளை அணை, 1953-இல் மாட்டுப்பட்டி அணை, 1954-இல் பள்ளிவாசலில் ஓடிவிழுந்த தண்ணீரையே மறுபடி பயன்படுத்தும் செங்குளம் நிலையம் என்று வரிசையாக வந்தன.

என் தாத்தா போடிப் பக்கத்திலிருந்து இந்தக் குழாய் வேலைக்கு வந்தவர். பாட்டி கொழுந்தெடுத்தவர். பாட்டி ஒரு வாக்கியம் அடிக்கடி சொல்லும்: "தண்ணி கீழ போகுது, கரண்டு வெளிய போகுது, நாம இங்கனயேதான் இருக்கோம்." லயத்துக்கு மின்விளக்கு வந்தது வெகு காலம் கழித்து. மின்நிலையத்துக்கு மேலேயே குடியிருந்துகொண்டு மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றியதைப் பாட்டி ஒரு குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொல்லும்.

கம்பி போன இடம்

அந்தக் கரண்டு எங்கே போயிற்று? பெரும்பகுதி ஆலுவாவுக்கு. முதிரப்புழையாறு பெரியாற்றில் சேர்கிறது. பெரியாறு ஆலுவா வழியாக ஓடுகிறது. ஆக எங்கள் மலைத் தண்ணீரும் எங்கள் மலை மின்சாரமும் வேறு வேறு வழியில் கிளம்பி ஒரே ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. எந்திரத்துக்குக் கரண்டு, கழுவுவதற்கும் கழிவு விடுவதற்கும் ஆறு. பெரியாற்றின் அந்தக் கடைசி நீளம் பின்னாளில் என்ன கதிக்கு ஆளாயிற்று என்பதை ஏலூர்வாசிகளைக் கேட்டால் தெரியும்.

1943-இல் ஆலுவா அருகே அலுபுரத்தில் இந்தியன் அலுமினியம் கம்பெனி இந்தியாவின் முதல் அலுமினியத்தை உருக்கி எடுத்தது. மூலப்பொருளான அலுமினா அப்போது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அப்படியானால் ஆலையை ஏன் இங்கே வைத்தார்கள்? மலிவான மின்சாரம் ஒன்றுக்காகவே. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க இன்றைய நல்ல உலையிலேயே 13, 14 யூனிட் மின்சாரம் தேவை. பழைய உலைக்கு இன்னும் கூடுதல்.

1947-இல் ஏலூரில் 'ஃபாக்ட்' உரத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. அதை எழுப்பியவர்கள் திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள். திருவிதாங்கூர்க் காட்டு விறகை எரித்து வாயு எடுத்து, அதிலிருந்து அம்மோனியா செய்தார்கள் என்றால் இன்று நம்புவது கடினம். 1950-இல் பெரும்பாவூரில் திருவிதாங்கூர் ரேயான்ஸ், நாட்டின் முதல் ரேயான் நூல் ஆலை. அதை நிறுவியவர் செட்டிநாட்டு எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவரே. ஆலையைச் சுற்றிய இடத்துக்கே ரேயான்புரம் என்று பேராயிற்று. கேரளத்தின் முதல் பெரிய ஆலைகளில் தமிழர் முதலும் தமிழர் நிர்வாகமும் இவ்வளவு இருந்தது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத செய்தி.

இங்கே ஒரு ஒப்பீடு செய்யத் தோன்றுகிறது. நீலகிரியில் பைக்காரா மின்சாரம் 1932-இல் வந்தது. அது கோயம்புத்தூருக்கு இறங்கிப் பஞ்சாலைகளை ஓட்டியது. பஞ்சாலைக்கு எந்திரம் பழுதுபார்க்கப் பட்டறை, பட்டறையிலிருந்து வார்ப்படச் சாலை, அதிலிருந்து பம்புசெட்டு, மோட்டார், கிரைண்டர் என்று ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது. ஒரு பட்டறையில் வேலை பழகியவன் மறு வருஷம் தானே ஒரு லேத் போட்டான். கரண்டு ஆயிரம் கைகளுக்குப் பிரிந்தது. பள்ளிவாசல் மின்சாரம் அப்படிப் பிரியவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய ஆலைகள் அதை விழுங்கின. அலுமினியம், உரம், ரசாயனம், ரேயான் எல்லாமே மின்சாரம் அதிகம், ஆள் குறைவு என்ற ரகம். அவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகள் கோவை அளவுக்கு வளரவில்லை. கேரளத்தின் தொழில் வரலாற்றில் எல்லாரும் தொழிற்சங்கத்தையே குற்றம் சொல்வது வழக்கம். சங்கத்துக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்த மாதிரி ஆலையைத் தேர்ந்தெடுத்தோம் என்பதும் சமமாக முக்கியம் என்பது என் எண்ணம்.

மலிவு மின்சாரத்தை நம்பி வந்தவை, மின்சாரம் மலிவாக இல்லாதபோது நிற்க முடியவில்லை. 1976-இல் இடுக்கித் திட்டம் ஓடத் தொடங்கிய பிறகும் கேரளம் கிட்டத்தட்ட முழுக்க மழையையே நம்பிய மின்சார மாநிலம். 1980களில் மழை பொய்த்த ஆண்டுகளில் மின்வெட்டு வந்தது. முதல் வெட்டு ஆலைக்குத்தான் விழும், வீட்டுக்கு அல்ல. கட்டணமும் ஏறியது. 2001-இல் திருவிதாங்கூர் ரேயான்ஸ் மூடப்பட்டது. அலுபுரத்து உருக்கு உலையும் பின்னர் நின்றுபோனது. ஃபாக்ட் மத்திய அரசின் கையில் தாக்குப்பிடித்து நிற்கிறது.

மூன்றாம் படி

இதே காலத்தில் கேரளத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1973-க்குப் பிறகு வளைகுடாவுக்கு ஆட்கள் போனார்கள், பணம் வந்தது. அந்தப் பணம் வீடாயிற்று, நகைக்கடையாயிற்று, தனியார் ஆஸ்பத்திரியாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று, கல்யாண மண்டபமாயிற்று. ஆலையாக அதிகம் ஆகவில்லை. 1960-61-இல் மாநில வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயமும் அதைச் சார்ந்தவையும்தான். இன்று சேவைத்துறை மட்டும் 60 சதவீதத்துக்கு மேல். பொருள் உற்பத்தி செய்யும் ஆலைத்துறையின் பங்கு பத்துக்கும் பதினைந்துக்கும் இடையிலேயே நிற்கிறது. மின்சாரக் கணக்கைப் பார்த்தாலே போதும். ஒரு காலத்தில் ஆலைகள் பெரும்பங்கை எடுத்தன. இன்று கேரள மின்வாரியம் விற்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி வீடுகளுக்குப் போகிறது. அலுமினியம் உருக்கிய கரண்டு இப்போது மிக்சியையும் ஏசியையும் ஓட்டுகிறது.

இங்கிலாந்தில் ஆலைவேலை 1966 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது. அந்த வருஷம்தான் பேராசிரியர் கால்டார், ஆலைத்தொழிலே வளர்ச்சியின் எஞ்சின் என்று வாதாடி, சேவைத் தொழிலில் ஆள் வைத்திருப்பவர்மீது தனி வரியே போட வைத்தார். 1956-இல் நம் நாட்டுக்கு வரி யோசனை சொல்ல வந்த அதே கால்டார்தான். ஆனால் இங்கிலாந்து முதலில் உலகத்துக்கே ஆலையாக இருந்து, பணக்கார நாடாகி, பிறகு ஆலையை இழந்தது. நம் மாதிரி நாடுகள் ஆலையில் நன்றாக ஏறுவதற்கு முன்பே சேவைக்கு நகர்கின்றன என்று டேனி ராட்ரிக் என்ற ஹார்வர்டு பேராசிரியர் சுட்டிக்காட்டினார். இந்தியா முழுவதற்கும் அது ஓரளவு பொருந்தும். கேரளத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

புள்ளிவிவரத்தில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஆலை தன் கேன்டீனையும் காவலாளியையும் லாரி டிரைவரையும் சொந்தச் சம்பளத்தில் வைத்திருந்தால் அவர்கள் ஆலைத் தொழிலாளர். அதே வேலையை வெளி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டால், அதே ஆள், அதே கேட்டில், அதே தொப்பியோடு நின்றாலும் சேவைத்துறைக் கணக்கில் போய்விடுவார். சம்பளம்தான் குறைந்திருக்கும். ஆகவே சேவைத்துறை வளர்ந்தது என்று கேட்டவுடன் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள் என்று எண்ணக்கூடாது.

இனி மலைக்குத் திரும்புவோம். தேயிலைக் கம்பெனிக்கும் இதே மாற்றம் வந்தது. 1964-இல் டாட்டாவும் ஃபின்லேயும் கூட்டுச் சேர்ந்தன. 1983-இல் டாட்டா டீ ஆயிற்று. 2000-இல் டாட்டா டீ இங்கிலாந்தின் டெட்லி கம்பெனியை வாங்கியது. தோட்டம் வைத்துக் கொழுந்து பறிப்பதைவிடப் பாக்கெட்டுக்குப் பேர் வைத்து விற்பதில் லாபம் என்ற முடிவு அது. அந்த ஆண்டுகளில் தேயிலை விலையும் படுத்துவிட்டது. 2005-இல் மூணாற்றுத் தோட்டங்கள் புதிய கம்பெனிக்குக் கைமாறின. அதில் பெரும்பகுதிப் பங்குகள் தொழிலாளர், ஊழியர் வசம். ஊரில் இதைப் பெரிய செய்தியாகப் பேசினார்கள், தொழிலாளியே முதலாளி என்று. ஆனால் 'கண்ணன் தேவன்' என்ற பாக்கெட்டுப் பெயர் டாட்டாவிடமே தங்கிவிட்டது. மலையும் மழையும் அட்டையும் ஒருவருக்கு, மலையின் பெயர் மற்றொருவருக்கு. புதிய கம்பெனி 'ரிப்பிள்' என்று வேறு பெயர் போட்டு விற்கிறது. எது ஆலைத்தொழில், எது சேவைத்தொழில் என்று பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே 2005-இல் நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய உருட்டு எந்திரத்தைச் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். மின்வாரியமும் சும்மா இருக்கவில்லை. அதன் சுற்றுலாப் பிரிவு மாட்டுப்பட்டி, குண்டளை, செங்குளம் அணைகளில் படகு விடுகிறது. மின்சாரத்துக்குத் தேக்கிய தண்ணீரிலேயே இரண்டாவது வருமானம். 2006-இல் குறிஞ்சி பூத்த வருஷம் வந்த கூட்டம் மலையை மாற்றிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளிவாசல், சித்திரபுரம், ஆனச்சால் எங்கும் விடுதிகள் எழுந்தன. 2007-இல் அச்சுதானந்தன் அரசு புல்டோசர் வைத்துச் சில கட்டடங்களை இடித்ததும், அது பாதியில் நின்றதும் எல்லாரும் டி.வி.யில் பார்த்ததுதான்.

சேவை என்ற சரக்குக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சேர்த்து வைக்க முடியாது. தேயிலையைப் பெட்டியில் போட்டு ஏலத்துக்குக் காத்திருக்கலாம். நேற்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை இன்றைக்கு விற்க முடியாது. 2018 ஆகஸ்டில் மண் சரிந்து பள்ளிவாசல் பக்கம் ஒரு விடுதியில் வெளிநாட்டுப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், சாலைகள் அறுந்தன, பன்னிரண்டு வருஷம் காத்திருந்த குறிஞ்சிப் பருவம் வீணாயிற்று. 2020-இல் கொரோனா. ஜீப்பெல்லாம் வீட்டு வாசலில் நின்றது. அப்போதும் கொழுந்து வளர்ந்துகொண்டேதான் இருந்தது. பறிக்க ஆள் தேவைப்பட்டது. லயத்தில் ஒருத்தராவது தோட்டத்து வேலையில் இருந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அதே 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டதையும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

லயம்

லயம் என்றால் வரிசை வீடு. பத்துக்குப் பத்து முன்னறை, பின்னால் சமையல். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. அதன்படி வீடு கொடுப்பது கம்பெனியின் கடமையாயிற்று. கொடுத்தார்கள், ஆனால் வேலைக்குத்தான் வீடு. 58 வயதில் ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் பேர் பதிந்திருக்காவிட்டால், காலி செய்ய வேண்டும். நாலு தலைமுறை அந்த மண்ணில் இருந்தும் சொந்தமாக ஒரு செண்டு நிலம் இல்லாதவர்கள் ஏராளம். போடிக்கோ சங்கரன்கோவிலுக்கோ திரும்பிப் போனால் அங்கே இவர்களை மலைக்காரர்கள் என்பார்கள். இங்கே பாண்டிக்காரர்கள்.

புத்தகத்து ஏணியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் காலை எடுத்து வைத்தால் போதும். லயத்துக் குடும்பம் அப்படி வைக்க முடியாது. ஓட்டல் வேலை சம்பளம் தரும், வீடு தராது. ஆகவே வீட்டுக்கு ஒருவர் கொழுந்தில் நிற்க வேண்டும், மற்றவர்கள் ஜீப் ஓட்டலாம், ரூம் பெருக்கலாம், சமையல் செய்யலாம், கைடாகப் போகலாம். அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று அந்தப் பெண்கள் எழுந்து மூணாற்றையே நிறுத்தியது உலகத்துக்குத் தெரிந்தது. போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10-க்குக் குறைந்ததே தொடக்கம். ஆண்கள் தலைமையிலிருந்த சங்கங்களை ஒதுக்கிவிட்டு ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்து, போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. அதோடு பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆயிற்று. வெளியூர்ப் பத்திரிகைகள் பலவும் இதைத் தேயிலைப் போராட்டம் என்று எழுதின. என் பார்வையில் அது வீட்டுப் போராட்டமும்தான். கூலியோடு வீட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

சென்ற வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள், எனக்கு அக்கா, அடுத்த சித்திரையில் 58. மகன் ஜீப் ஓட்டுகிறான். மருமகள் பி.காம். படித்தவள், சித்திரபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் வேலை. மலையாளம், இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி பேசுவாள். அக்கா ஓய்வு பெற்றால் லயம் போகும். யாராவது ஒருத்தர் பேர் கொடுக்க வேண்டும்.

"மாமா, நீங்க படிச்சவரு, சொல்லுங்க. நான் ஜீப்ப வித்துட்டு மருந்தடிக்கப் போகவா, இல்ல இவ மேசைய விட்டுட்டு கூடை எடுக்கவா?" என்று மகன் கேட்டான். ஜீப்புக்கு வங்கிக் கடன் பாக்கி இருக்கிறது. அவன் போக முடியாது என்பது அவனுக்கே தெரியும்.

"வாடகைக்கு ஆனச்சால்ல வீடு பாக்கலாம்ல?" என்றேன்.

மருமகள்தான் பதில் சொன்னாள். "பாத்தோம் மாமா. வீட்டுக்காரங்க எல்லாரும் ஹோம்ஸ்டேக்குத்தான் விடுறாங்க. ஒரு ராத்திரிக்கு அவங்க வாங்குறத நம்ம ஒரு மாசத்துக்குக் குடுக்க முடியுமா?"

அக்கா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பள்ளிவாசல் விரிவாக்கத் திட்டம், 60 மெகாவாட், 2007-இல் தொடங்கி இழுத்து இழுத்து 2024 டிசம்பரில்தான் மின்சாரம் கொடுத்தது. அதற்குள் பிறந்த பிள்ளை பிளஸ் டூவே எழுதியிருக்கும். அதைச் சொல்லிச் சிரித்தோம். எதிர்ச் சரிவில் ரிசார்ட் விளக்குகள் வரிசையாக எரிந்தன. லயத்திலும் இப்போது கரண்டு இருக்கிறது, டி.வி. இருக்கிறது.

சித்திரை பிறந்தது. மருமகள் தோட்டத்தில் பேர் கொடுத்தாள். வரவேற்பு மேசையில் இப்போது கட்டப்பனைப் பையன் ஒருவன் இருக்கிறானாம். காலை மஸ்டருக்குப் போகிறபோது அவளோடு அந்த வரிசையில் நிற்பவர்களில் ஜார்க்கண்டு, அசாம் பெண்களும் இருக்கிறார்கள் என்று போனில் சொன்னாள். அவர்களுக்குப் பக்கத்து வரிசையில், பூட்டிக் கிடந்த லயத்தைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தியிடம் தான் இந்தி பழகிக்கொள்வதாகவும், அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதாகவும் சொன்னாள். கொழுந்து, கூடை, கிலோ இந்த மூன்றும் முதல் நாளே வந்துவிட்டதாம்.